காரை விட்டுவிட்டுக் கிளம்புங்கள்: சிங்கப்பூரில் இருவருக்கான பீர் ஆலைப் பயணம்

"பத்தாவது திருமண நாளுக்காக வெள்ளி முதல் ஞாயிறு வரை விடுப்பு எடுத்திருக்கிறோம். வாடகைக் கார் எடுத்து சிங்கப்பூரின் சிறிய பீர் ஆலைகளைச் சுற்றிவிட்டு, அப்படியே ஜொகூருக்கும் போய்வரலாமா? மனைவி அரைக் கிளாஸுக்கு மேல் தொடமாட்டார், ஆனால் சாப்பாட்டில் ஆர்வம் அதிகம்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயணம் அருமையான யோசனை. கார் வேண்டாம்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை, ஆனால் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே 100 மில்லிலிட்டர் மூச்சுக்காற்றில் 35 மைக்ரோகிராம், அல்லது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் என்பதே எல்லை. முதல் முறை பிடிபட்டாலே 2,000 முதல் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமமும் போய்விடும். ஐந்து விழுக்காட்டு பீர் அரை லிட்டர் குடித்தால் சுமார் 20 கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது. அதைக் கரைக்க உடம்புக்கு இரண்டு, மூன்று மணி நேரம் பிடிக்கும். எலுமிச்சைச் சாறோ கறுப்புக் காப்பியோ அந்த நேரத்தைக் குறைக்காது.

சட்டத்தைவிட முக்கியமான காரணம் உங்கள் மனைவி. எங்கள் முதல் பயணத்தில் அவர் இடத்தில் நான் இருந்தேன். என் கணவருக்கு பீர் ஆர்வம் தொற்றிய புதிது. ஒரு சனிக்கிழமை கார் எடுத்து மூன்று இடங்களுக்குப் போனோம். "நீதான் அதிகம் குடிக்கமாட்டாயே" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். அவர் முன்னால் ஐந்து சிறு கிளாஸ்கள் வரிசையாக வந்தன, வைக்கோல் நிறத்திலிருந்து காப்பி நிறம் வரை. என் முன்னால் எலுமிச்சைச் சாறு. கிளாஸின் அடியில் மேசையில் ஒரு ஈர வட்டம் பரவிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, அடுத்த இடத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் எப்படி இருக்கிறது என்று அவர் ஆசையாகத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு வாய்கூடப் பார்க்க மனமில்லை, கையில் சாவி இருந்ததால். மூன்றாவது இடத்தில் அவர் என்ன குடித்தார் என்பது மறுநாள் அவருக்கே நினைவில்லை. குறைவாகக் குடிக்கிறவரை ஓட்டுநராக்கிவிட்டால் அது ஒருவருடைய பயணமாகத்தான் இருக்கும். உங்கள் மனைவியின் அந்த அரைக் கிளாஸை அவரிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.

கிழக்கிலிருந்து மேற்காக 50 கிலோமீட்டர் மட்டுமே உள்ள தீவு இது. ரயிலும் பஸ்ஸும் போகாத மூலை குறைவு. ஈரடுக்கு பஸ்ஸின் மேல்தளத்தில் முன்வரிசை கிடைத்துவிட்டால், கார் ஓட்டுகிறவருக்கு ஒருநாளும் கிடைக்காத காட்சி இருவருக்கும் கிடைக்கும். நெடுவழிப் பயணம் என்பதில் உங்களை ஈர்ப்பது நகர்ந்துகொண்டே பேசுவதுதான் என்றால், அதற்கு பஸ் போதும்.

கடலுக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் உள்ள ஜொகூரைத் தனியாகப் பிரித்து வைத்துவிடுங்கள். பீருக்காகக் கடற்பாலம் தாண்டுவதில் பொருளில்லை. மலேசியாவின் இரண்டு பெரிய ஆலைகளும் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ளன, ஒன்று ஷா ஆலமில், மற்றது பெட்டாலிங் ஜெயாவில். 2020இல் சட்டத்தைத் திருத்திய பிறகு அங்கே எல்லை இன்னும் இறுக்கம்: மூச்சில் 22 மைக்ரோகிராம், ரத்தத்தில் 50 மில்லிகிராம். முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம். மலேசியாவிலிருந்து திரும்பும்போது மதுபானத்துக்கு வரிவிலக்கும் கிடையாது. வண்டி ஓட்ட ஆசையாக இருந்தால் இன்னொரு வாரம் பீரே இல்லாமல் தேசாரு கடற்கரைக்குப் போய் வாருங்கள். சிங்கப்பூர்ப் பதிவு கார் என்றால் எரிபொருள் கலனில் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியைப் பற்றி வாடகை நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

இனி, ஆலையில் என்ன பார்ப்பது என்று கொஞ்சம் சொல்கிறேன். இது தெரியாமல் போனால் எல்லா இடமும் ஒரே மதுக்கூடம் போலத்தான் தோன்றும்.

பீருக்கு மூலம் முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை, அதாவது மால்ட். நம் வீடுகளில் குழந்தைக்குக் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, காயவைத்து அரைக்கிறோமே, அதே வேலைதான். முளைக்கும்போது தானியத்துக்குள் உருவாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் திறன் கொண்டவை. ஆலையில் அந்த மால்ட்டை நொறுக்கி சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். அப்போது எழுகிற வாசனையை ஒருமுறை முகர்ந்தால் மறக்க முடியாது: ஹார்லிக்ஸ் புட்டியைத் திறந்ததும் வருமே, அதே வாசனை. அதுவும் மால்ட்டிலிருந்து வருவதுதான். அந்த இனிப்பு நீரை வடித்து, ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். கசப்பு பூவிலிருந்து வருகிறது. மணத்தில் ஒரு பகுதி பூவினுடையது, ஒரு பகுதி ஈஸ்ட்டினுடையது.

ஈஸ்ட் வெப்பத்துக்கு நடுங்கும். பீரில் ஏல் வகைக்கு 20 டிகிரிக்கு அருகிலும், லாகர் வகைக்கு அதைவிடக் குளிர்ச்சியாகவும் வைக்க வேண்டும். சூடு ஏறினால் வேண்டாத நெடி வந்துவிடும். நம் சமையலறையோ 30 டிகிரி. வீட்டுத் தேவைக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமலே பீர் வடிக்க இங்கே 2004 முதல் அனுமதி இருக்கிறது. நானும் கணவரும் தோபாயோ வீட்டில் முதல் முறை செய்தபோது, பெரிய தொட்டியில் கலனை இறக்கி, ஈரத் துண்டு போர்த்தி, உறையவைத்த தண்ணீர்ப் புட்டிகளை ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருந்தோம், இரவு உட்பட. பத்து நாள் கழித்துக் கிடைத்தது எட்டு லிட்டர். அன்றிலிருந்து ஒரு சிறு ஆலையின் விலைப்பட்டியலைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை. வெயில் ஊரில் குளிரை உண்டாக்கி, நாள்கணக்கில் காத்திருக்கும் செலவும் அதில் இருக்கிறது.

நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகக் காப்பாற்றிவந்த குவைக் என்ற ஈஸ்ட் மட்டும் 35 டிகிரிக்கு மேலும் சந்தோஷமாக வேலை செய்யும். வெப்பமண்டலத்துக்கு இது ஒரு வரம். தண்ணீர் விநியோகத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகமும் புரூவர்க்ஸ் என்ற சிறு ஆலையும் சேர்ந்து மறுசுழற்சி நீரான புதுநீரில் வடித்த நியூபுரூ பீரிலும் குவைக்தான். 2018இல் சிங்கப்பூர் அனைத்துலக நீர் வாரத்தில் அறிமுகமாகி, 2022 ஏப்ரலில் கடைக்கு வந்தது. கழிவுநீர் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. புதுநீர் அவ்வளவு தூய்மையானது என்பதால் எந்தத் தாதுச் சுவையும் குறுக்கே வராது, அது பீர் வடிப்பவருக்குப் பெரிய வசதி. எங்காவது கண்ணில் பட்டால் வாங்கிப் பாருங்கள். சிங்கப்பூருக்கு வெளியே இதற்கு இதே பொருள் இருக்காது.

வெள்ளிக்கிழமையைப் பீர் ஆலை இல்லாத ஓர் இடத்தில் தொடங்குங்கள். குவீன்ஸ்டவுன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, அலெக்சாண்டிரா சாலைக்கு நடந்து போங்கள். ஐகியா கடைக்கு எதிரே ஆங்கர்பாயிண்ட் என்ற கடைத்தொகுதி, பக்கத்தில் ஆங்கரேஜ் குடியிருப்பு. கப்பல் நங்கூரத்தின் பெயர் இந்த இடத்துக்கு எப்படி வந்தது என்று மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். இங்கேதான் ஆங்கர் பீர் வடித்த ஆலை இருந்தது. அந்த ஆலையை நடத்திய ஆர்ச்சிபெலகோ புரூவரி கம்பெனியை 1930களின் தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் தொடங்கினார்கள். ஹைனெகனும் பிரேசர் அண்ட் நீவும் 1931இல் சேர்ந்து உருவாக்கிய மலாயன் புரூவரீஸ், மறு ஆண்டு டைகர் பீரைக் கொண்டுவந்தது. போர் மூண்டதும் ஜெர்மானியர் சொத்து எதிரிச் சொத்தானது. 1941இல் ஆர்ச்சிபெலகோ போட்டியாளரான மலாயன் புரூவரீஸ் கைக்கே போய்விட்டது. அங்கிருந்து சற்றுத் தூரம் நடந்தால் ஏபிசி பிரிக்வர்க்ஸ் உணவங்காடி நிலையம். தினமும் அங்கே சாப்பிடுகிற பலருக்கே அந்த மூன்றெழுத்து ஆர்ச்சிபெலகோ புரூவரி கம்பெனியைக் குறிக்கிறது என்பது தெரியாது. பக்கத்தில் இருந்த செங்கல் சூளைதான் பிரிக்வர்க்ஸ். ஆலையும் சூளையும் போய்விட்டன, சோறு போடும் இடத்தில் பெயர் மட்டும் நிற்கிறது. மதியச் சாப்பாட்டை அங்கே முடித்துக்கொள்ளுங்கள். மனைவிக்குச் சாப்பாட்டில் ஆர்வம் என்றீர்களே, மூன்று கடைகளில் ஒவ்வொன்றாக வாங்கிப் பகிர்ந்து சாப்பிட இதைவிட நல்ல இடம் இல்லை.

அன்று மாலை சிங்கப்பூர் ஆற்றோரம். சிங்கப்பூரின் சிறு ஆலைகளில் மூத்தவற்றுள் ஒன்று புரூவர்க்ஸ். 1997இல் ரிவர்சைட் பாயிண்டில் தொடங்கியது, அப்போது கிராஃப்ட் பீர், அதாவது சிறு ஆலைகள் வடிக்கும் பீர், என்ற சொல்லே இங்கே பலருக்குப் புதிது. சைனாடவுன் பக்கம் வந்தால், சைனாடவுன் காம்ப்ளெக்ஸின் இரண்டாம் தளத்தைப் பாருங்கள். 200க்கும் மேற்பட்ட உணவுக் கடைகளுக்கு நடுவே 2011இல் தி குட் பீர் கம்பெனி என்ற சின்னக் கடை வெளிநாட்டுக் கிராஃப்ட் பீர்களை விற்கத் தொடங்கியது. வாத்து வறுவல் தட்டும் பிளாஸ்டிக் நாற்காலியும் இருக்கும் இடத்தில் நல்ல பீர் விற்கலாம் என்று அது காட்டிய பிறகுதான், குளிரூட்டிய மதுக்கூடத்துக்குள் நுழையத் தயங்கியவர்களும் வாங்கிப் பார்த்தார்கள்.

சனிக்கிழமைக்கு மரினா பே நிதி மையத்தின் முதல் கோபுரம், 33ஆம் மாடி. லெவல் 33 அங்கே 2010 முதல் இருக்கிறது. உலகிலேயே மிக உயரத்தில் உள்ள நகர்ப்புறப் பீர் ஆலை என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. நுழைந்ததும் பளபளக்கும் செம்புக் கொப்பரைகள் நிற்கும். அவை அலங்காரமல்ல, அதில்தான் வடிக்கிறார்கள். டவுன்டவுன் எம்ஆர்டி நிலையத்திலிருந்து எளிதாக நடந்து போகலாம். இது விலை கூடுதலான இடம், திருமண நாள் இரவை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் இந்த ஊரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே மறைகிறது. ஆறரைக்கு மாடத்தில் மேசை கேட்டு முன்பதிவு செய்தால், வெளிச்சத்தில் ஒரு நகரம், இருட்டில் இன்னொரு நகரம் என்று இரண்டையும் பார்க்கலாம். அன்று வேறெந்த ஆலைக்கும் போகாதீர்கள். ஒரு நாளைக்கு ஓர் ஆலை போதும், நாவுக்கு அதற்கு மேல் கவனம் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு மிகவும் பிடித்த நாள். விக்டோரியா தெருவில் 2ஆம் எண் பஸ்ஸைப் பிடியுங்கள். காலாங், கேலாங், பிடோக் என்று ஊரின் கிழக்கு முழுவதையும் மெதுவாகக் கடந்து, கடைசியில் சாங்கி வில்லேஜ் முனையத்தில் நிற்கும். பாதி வழியில் அடுக்குமாடிகள் குறையும், சாங்கி சிறைச் சுவர் தாண்டியதும் மழைமரங்கள் சாலையின் இருபுறமிருந்தும் கிளை கோத்து நிற்கும். மேல்தளத்தில் இருந்தால் இலைகள் கண்ணாடியை உரசும். என் கணவர் வழக்கமாக அந்த இடத்தில்தான் பேச்சை நிறுத்துவார்.

இறங்கியதும் ஸ்ரீ ராமர் கோவிலுக்குப் போய்விடுங்கள். கோவில் முதலில், பீர் பிறகு, இந்த வரிசையை மாற்ற வேண்டாம். அடுத்து உணவங்காடியில் நாசி லெமாக், தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு. படகுத்துறையிலிருந்து புலாவ் உபின் தீவுக்குப் படகு போகிறது, பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் கிளம்பும். வெயில் தாழ்ந்ததும் லிட்டில் ஐலண்ட் புரூயிங் கம்பெனி. குழாயில் நாமே பிடித்துக்கொண்டு, பிடித்த அளவுக்கு மட்டும் காசு கொடுக்கும் முறையை நான் முதலில் பார்த்தது அங்கேதான். முழுக் கிளாஸ் வாங்கி மிச்சம் வைக்கிறோமே என்ற சங்கடமே உங்கள் மனைவிக்கு வராது. நான்கு விரல் அளவு பிடித்துக்கொள்ளட்டும், பிடிக்காவிட்டால் அடுத்த குழாய்.

இருவரும் பகிர்ந்து குடிப்பதில் ஒரு முறை வைத்திருக்கிறோம். சிறு கிளாஸ்களின் தட்டு ஒன்று மட்டும் வாங்குவோம். ஒவ்வொன்றையும் இருவரும் முகர்ந்து, எதன் வாசனை என்று சொல்லிவிட்டுத்தான் வாய் வைப்போம். ஜெர்மன் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், இரண்டையும் போட்டதில்லை, ஈஸ்ட் செய்த வேலை. பெல்ஜியக் கோதுமை பீரில் மட்டும் உண்மையிலேயே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவார்கள். போர்ட்டர் வகையில் வறுத்த தானியம், கோப்பிக் கடை நினைவு வரும். பீர் பிடிக்காது என்று வந்தவர்கள் பலர் இந்தக் கறுப்பில்தான் நின்றுபோகிறார்கள். தட்டில் வெளிர் நிறத்திலிருந்து தொடங்கிக் கறுப்பில் முடியுங்கள், கடுங்கசப்பை நடுவில் குடித்தால் பின்னால் வருவதெல்லாம் தண்ணீராகத் தோன்றும்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று கவனியுங்கள். கசப்பும் ஆல்கஹாலும் மிளகாய்க் காரத்தைத் தூண்டிவிடும். பெயரில் இந்தியா இருக்கிறதே என்று மீன்தலைக் குழம்புக்கு இந்தியா பேல் ஏல் வாங்கிவிடாதீர்கள், நாக்கு எரியும். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பிய, ஹாப்ஸ் கூடிய பீர் என்பதால் வந்த பெயர் அது, குழம்புக்கும் அதற்கும் உறவில்லை. நம் காரத்துக்கு கோதுமை பீர்தான் இதம். குச்சியில் செருகிச் சுட்ட, கருகல் மணமுள்ள சாத்தே இறைச்சிக்குப் போர்ட்டர், எண்ணெயில் பொரித்த எதற்கும் லாகர்.

செலவு: பட்டியலில் 20 வெள்ளி என்று இருந்தால், பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன் மேல் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரியும் சேர்ந்து 23.98 வெள்ளி ஆகும். பீரில் உள்ள ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 60 வெள்ளி தீர்வை, அதாவது ஐந்து விழுக்காட்டு பீர் அரை லிட்டர் கிளாஸுக்குள் 1.50 வெள்ளி தீர்வையாகவே போகிறது. மாலைக்கு முன் விலை குறைத்துக் கொடுக்கும் இடங்கள் பல. நான் எப்போதும் நான்கு மணிக்குப் போவேன். காசு மட்டும் காரணமில்லை. அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது, வடிப்பவர் வெளியே வந்து நிற்பார். "இன்று எது புதிதாகக் குழாய்க்கு வந்தது?" என்று கேளுங்கள். ஹாப்ஸ் மணம் வாரங்களில் மங்கிவிடும், அதனால் இந்தக் கேள்வியை மதிப்பார்கள். நேரம் இருந்தால் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். ஒருமுறை ஓர் இளைஞர் என் உள்ளங்கையில் மால்ட் மணிகள் சிலவற்றைக் கொட்டி, மென்று பார்க்கச் சொன்னார். பொரிகடலை போல நொறுங்கி, பிறகு தேன் போல இனித்தது. அன்றைய பீரின் பெயர் மறந்துவிட்டது, அந்த மணிகள் மறக்கவில்லை.

கிளம்பும் வாரத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடுங்கள். இங்கே வாடகை கடுமை, சிறு ஆலைகள் இடம் மாறுவதும் மூடுவதும் வழக்கம். நாங்கள் ஒருமுறை கேட்காமல் போய் அடைத்த கதவின் முன் நின்றிருக்கிறோம். இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது, கடையில் எடுத்துச்செல்ல வாங்கவும் முடியாது. தேக்கா பக்கம் தங்குகிறீர்கள் என்றால் இன்னொன்று: லிட்டில் இந்தியாவில் வார இறுதி முழுவதும் பொது இடத்தில் குடிக்கத் தடை உண்டு. ஞாயிறு வாங்கிவரும் டப்பியை நடைபாதையில் திறக்காமல் அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

சாங்கியிலிருந்து திரும்பும்போதும் அதே 2ஆம் எண்தான். முனையத்திலேயே ஏறுவதால் மேல்தளத்து முன்வரிசை அநேகமாகக் காலியாக இருக்கும். சன்னலோரத்தை உங்கள் மனைவிக்குக் கொடுங்கள்.